ரேஸ் மோட்டார் சைக்கிளைக் கழுவிய நாள்

கொட்டில் கதவைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஆமணக்கெண்ணெய் மணம். எங்கள் ஆட்களுக்கு அந்த மணம் என்றால் பேதி மருந்துதான் ஞாபகம் வரும். எனக்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்வளவும், அதன் மூலையில் நின்ற பலகைக் கொட்டிலும், உள்ளே சாக்கு விரித்து நிறுத்தியிருந்த ஒரு பழைய ரேஸ் மோட்டார் சைக்கிளும் ஞாபகம் வரும்.

எண்பதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. அவரோடு வேலை செய்த சிவம் அண்ணை எங்களோடு சின்ன அறையில் இருந்தார். மேல்மாடி எங்களுக்கு. கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். பெயர் ஹரல்ட். எண்பது வயது இருக்கும். வாசலில் வைத்த பால் போத்தலை எடுக்க வந்தாலும் கழுத்தில் டை கட்டியிருப்பார். நாங்கள் அகதிகள் என்று தெரிந்ததும் வேறு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். இவர் திறந்தார். அம்மா அவரை "ஹரல்ட் ஐயா" என்றுதான் சொல்லுவா.

அந்த மோட்டார் சைக்கிள் அப்பா ஊரில் வைத்திருந்ததைப் போல இல்லை. லைற் இல்லை. அடிக்கிற கோன் இல்லை. மெலிந்த மாட்டின் எலும்பு தெரிவது மாதிரி இரும்பெல்லாம் வெளியே தெரியும். பெற்றோல் தாங்கியில் ஒரு பெரிய நெளிவு. ஒரு பக்கம் முழுக்கச் சேறு கல்லாகக் காய்ந்து, கால் வைக்கிற கம்பியின் கீழே புல்லின் வேரோடு கட்டியாகப் பிடித்திருந்தது. முன்னால் இருந்த தகட்டில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதிய ரேஸ் இலக்கம், பாதி அழிந்து. ஞாயிறு காலையில் ஹரல்ட் போய், எஞ்சினுக்குள் ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெய் விட்டு, இறுகிப் போகாமல் கையால் சுற்றிவிட்டு வருவார். அந்தக் காலத்து ரேஸ் எஞ்சின்களுக்கு அந்த எண்ணெய்தானாம். உள்ளே எண்ணெய் விடுவார். வெளியே ஒரு விரலும் வைக்க மாட்டார்.

"உந்த மோட்டச்சைக்கிளுக்கு வயித்தால போகேல்லைப் போல, அண்ணை. கிழமைக்கு கிழமை மருந்து குடுக்கிறார்" என்று சிவம் அண்ணை சொல்ல, அப்பா சிரித்து இருமுவார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சேறு, ஹரல்டின் தம்பி லென் ரேஸில் விழுந்து செத்த இடத்துச் சேறு. தம்பியில் அவருக்கு மிஞ்சியது அதுதான். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதைத் துடைக்காமல் வைத்திருந்தார்.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசை அன்று எங்கள் வீடுகளில் கத்தி, சுத்தியல், தையல் மெஷின், வாகனம் எல்லாம் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். எங்களிடம் அப்போது வாகனம் இல்லை. அப்பாவின் கண் கொட்டில் பக்கம் போனது. இந்த மனுசனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். வீட்டில் இங்கிலிஷ் ஓடியது எனக்குத்தான்.

"சைக்கிளை நான் கழுவித் தாறன் எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். ஹரல்டின் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சரியாக்கிக்கொண்டார். வேண்டாம், வேண்டாம், மிகவும் நன்றி, அது அப்படியே இருக்கட்டும் என்றார். அதையும் சொன்னேன்.

மேலே வந்து அப்பா அம்மாவிடம் சொன்னார். "எங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு பாக்கிறார், பாவம். குனிய ஏலாது. உள்ளுக்கு எண்ணெய் விடுறதே பெரிய பாடு. வெளியைத் துடைக்க ஏலாமல்தான் உப்பிடிக் கிடக்குது."

"வேண்டாம் எண்டவரெல்லே?"

"வேண்டாம் எண்டுதானே சொல்லுவினம். உடனே ஓம் எண்டால் மரியாதையே? நீ உன்ர பெரியம்மா வீட்டை போனால் முதல் தரமே சாப்பிட இருப்பியோ?"

அம்மாவுக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது. எங்கள் ஆட்களில் வேண்டாம் என்ற சொல்லை முதல் தரம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேட்பவர் மூன்று தரம் கேட்க வேண்டும், மற்றவர் மூன்றாம் தரம் இணங்க வேண்டும். அப்பா மற்ற இரண்டு தரத்தையும் கேளாமலே செய்து காட்டலாம் என்று முடிவெடுத்தார்.

அந்தக் கிழமை ஹரல்ட் கண் ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய சகோதரியின் மகள் மார்கரெட் வந்து காரில் கூட்டிப் போனா. சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வருவதாகச் சொன்னார்கள். பூசையும் சனிக்கிழமைதான். "பாத்தியே, எப்பிடி அமைஞ்சிருக்கு" என்றார் அப்பா.

சனி காலையிலேயே சைக்கிளை வெளியே உருட்டினார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டினார். வாளியில் சவர்க்காரத் தூள், பழைய பல்லுப் பிரஷ், பித்தளை பொலிஷ், குசினிக் கத்தி. சிவம் அண்ணை கத்தியால் சேற்றுக் கட்டியைச் சுரண்டினார். லேசில் வரவில்லை. பிறகு புல்லோடு ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது.

"அண்ணை, இது சைக்கிள் இல்லை, வயல். விதைச்சிருந்தால் இவ்வளவுக்கும் அறுவடை செய்திருக்கலாம்."

"கதைக்காமல் தண்ணியை அடி."

தண்ணீர் அதைக் கரைத்து வடிகானுக்குள் கொண்டுபோனது. இலக்கத் தகட்டில் அப்பா கொஞ்சம் யோசித்தார். "உது பழஞ் சுண்ணாம்பு" என்று ஈரத்துணியால் ஒரு இழுவை இழுத்தார். அது எழுத்து என்று சொல்லவே இடமில்லாமல் போய்விட்டது. அம்மா பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்தா. நானும் துணி பிடித்தேன். பித்தளை மினுங்கியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டு உள்ளே போனா.

"பாக்கட்டும்" என்றா அம்மா. "நாங்கள் ஊத்தைச் சனம் எண்டு நினைச்சவ. இப்ப பாக்கட்டும்."

மத்தியானம் தாங்கியில் சந்தனம், குங்குமம். கைபிடியில் சாமந்தி மாலை. முன் சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காய். அவல், கடலை, ஒரு தட்டில் பழம். அந்தக் குளிரில் அப்பா வேட்டி கட்டி, மேலுக்குச் சட்டையும் போட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றார். அவர் அவ்வளவு சந்தோசமாக நின்றதை நான் லண்டனில் அதற்கு முதல் காணவில்லை.

ஹரல்ட் ஒரு கண்ணில் கட்டோடு மார்கரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்கு வந்தார். நின்றார். பிறகு கிட்டப் போய், குனிய ஏலாத மனுசன் குனிந்து, கால் வைக்கிற கம்பிக்குக் கீழே கையை விட்டுத் தடவினார்.

என்னைப் பார்த்து, இங்கே இருந்த மண் எங்கே என்று கேட்டார்.

"மண் எங்கை எண்டு கேக்கிறார்."

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு பொட்டு மண் இல்லை எண்டு சொல்லு. எல்லாம் தேய்ச்சுக் கழுவிப்போட்டம். தடவிப் பாக்கச் சொல்லு."

அதை நான் இங்கிலிஷில் சொன்னேன். சொல்லி முடிக்க மார்கரெட் வாயில் கையை வைத்தா. பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், வேகமாகச் சொன்னா. 

"என்ன பிள்ளை? என்னவாம்?"

"அவரின்ர தம்பி விழுந்த இடத்து மண்ணாம், அப்பா. ரேஸிலை செத்தவராம். அதுதான் கழுவாமல் வைச்சிருந்தவராம். இலக்கமும் அந்தத் தம்பி எழுதினதாம்."

சிவம் அண்ணை துணியைக் கீழே வைத்தார். அம்மா தட்டோடு அப்படியே நின்றா. அப்பா நேரே வடிகானடிக்குப் போய், இரும்பு மூடியைத் தூக்கி, முழங்காலை ஊன்றி, கையைத் தோள்வரை உள்ளே விட்டார். கறுத்த சேறு அள்ளி நிலத்தில் வைத்தார். திரும்ப விட்டார். அதில் புல் தேடினார். எது எந்த மண் என்று யாருக்குத் தெரியும்? வேட்டியெல்லாம் கறுப்பு. பக்கத்து வீட்டு மனுசி திரும்பவும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா. நிலம் பிளந்தால் நான் போயிருப்பேன்.

"அப்பா, எழும்புங்கோ" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

ஹரல்ட் என்னிடம், உன் தந்தையை எழும்பச் சொல், அது வெறும் மண்தானே என்றார்.

"வெறும் மண்தானேயாம். எழும்பட்டாம்."

இந்த முறை அது மரியாதைக்குச் சொன்ன பேச்சு என்று அப்பா அறிந்துகொண்டார். எழும்பவில்லை. பிறகு சிவம் அண்ணைதான் கக்கத்தில் பிடித்துத் தூக்கிவிட்டார்.

ஹரல்ட் ஒரு மரப்பெட்டியின் மேல் குந்தினார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு வசனமாக நான் தமிழில் சொன்னேன். அப்பா கைகளில் சேறு காயக் காய, தலையைக் குனிந்தபடி கேட்டார்.

இரண்டு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலம். அண்ணனும் தம்பியும் ஒரு கராஜில் வேலை. வேலை முடிந்த பிறகு இருவருமாக உதிரிச் சாமான்களைச் சேர்த்து அந்தச் சைக்கிளைப் பூட்டினார்கள். ரேஸ் நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில், ஐல் ஒஃப் மானில். ரயிலிலும் கப்பலிலும் ஏற்றிப் போனார்கள். ரேஸுக்கென்று கட்டின தடமில்லை. சனங்கள் நடக்கிற றோட்டுத்தான், இரண்டு பக்கமும் கல்மதில். விடியக்காலையில் ஓடிப் பழகும்போது குறுக்கே செம்மறி வரும். மலையில் ஏறினால் பனிப்புகார், முன்னால் போகிறவன் தெரிய மாட்டான். ஓடுகிறவன் உதிரிச் சாமான்களை இடுப்புப் பட்டியில் கட்டிக்கொண்டு போவான். வழியில் உடைந்தால் அவனே திருத்திப் பூட்ட வேண்டும். தம்பி ஓட, அண்ணன் எண்ணெய்த் தகரமும் பெற்றோலும் வைத்துக்கொண்டு காத்து நிற்பார்.

அங்கே ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு ஓட்டக்காரனுக்கும் மணிக்கூட்டு முகம் மாதிரி ஒரு வட்டம். அவன் எந்த ஊரைக் கடந்தானோ, அந்த இடத்துக்குச் சாரணப் பையன்கள் முள்ளைத் திருப்பிவிடுவார்கள். அன்று மழை. லென்னின் முள் மலையடியில் வந்து நின்றது. மற்ற முள்ளெல்லாம் நகர்ந்தன. அது நகரவில்லை. ஹரல்ட் எண்ணெய்த் தகரத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்தபடி நின்றாராம். ரேஸ் முடிந்து, பலகையைக் கழற்ற ஆட்கள் வந்த பிறகும் நின்றாராம்.

இதைச் சொல்லும்போது எனக்குத் தமிழ் தடக்கியது. அப்பா, "விளங்குது, பிள்ளை. விடு" என்றார்.

பிறகு ஹரல்ட், சில்லுக்குக் கீழே அந்தக் காய் எதற்கு என்று கேட்டார். வாகனம் போகிற வழியில் கெடுதி வராமல் இருக்க, முதலில் அதை நசித்துப் போட்டுப் போவது என்றேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அந்த நாளில் இதைத் தனக்கும் தம்பிக்கும் யாரும் சொல்லவில்லை என்றார். எழும்பி, கைபிடியைப் பிடித்தார். அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பா சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பின்னால் பிடித்துத் தள்ளினார். தேசிக்காய் நசிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

அதற்குப் பிறகு அப்பா வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறப் பழகினார். ஹரல்ட் எதிரே வந்தால் தலை குனிந்துவிடும். அவர் எப்போதும் போல வணக்கம் சொல்லுவார். மாரி முடிய முதலே வீடு மாற வேண்டும் என்றார் அப்பா.

"அவர் போகச் சொல்லேல்லையே!" அம்மா கத்தினா.

"அதுதான் போகவேணும். ஒரு ஏச்சு ஏசியிருந்தால் இருந்திருக்கலாம்."

ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே, சுவரெல்லாம் ஈரம் ஊறின அறைக்குப் போனோம். போகிற அன்று ஹரல்ட் வாசலில் டையோடு நின்று, ஏன் போகிறீர்கள், இருக்கலாமே என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அதைத் தமிழில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கினேன்.

போன வருடம் ஒரு அலுவலாகக் கோலியர்ஸ் வுட் போனபோது அந்தத் தெருவால் நடந்தேன். வீட்டைப் பிரித்து பிளாட் ஆக்கிவிட்டார்கள். கொட்டில் நின்ற இடத்தில் கண்ணாடிக் கூரையோடு யாரோ ஒருவரின் குசினி. சைக்கிள் எங்கே போனதோ தெரியாது. ஹரல்ட் காலமாகிவிட்டார் என்று சிவம் அண்ணை எப்போதோ சொல்லியிருந்தார்.

அப்பாவும் இப்போது இல்லை. அந்த நாளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் திரும்பக் கதைத்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர் வேண்டாம் என்றால், அப்பா நீட்டின தட்டை உடனே எடுத்துவிடுவார். "லண்டன் வந்து வெள்ளைக்காரனாப் போனார்" என்று சொந்தக்காரர் பழித்தார்கள். அவர் மறுத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரண்டாம் தரம் கேட்கிற வழக்கம் அவரோடேயே நின்றுபோனது. இன்றைக்கும் யாராவது தேத்தண்ணி வேண்டாம் என்றால் நான் கேத்தலை நிற்பாட்டிவிடுகிறேன். சிலர் தாகத்தோடு எழும்பிப் போயிருப்பார்கள்.