கிணறு தப்பியது, சொம்பு மாட்டியது

எனக்கு வயது எழுபது. ஆறு பிள்ளைகளை எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் வளர்த்தேன். அந்தத் தண்ணீரைச் சோதிக்க அதிகாரிகள் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். நானே நிரப்பி அனுப்பினேன். தண்ணீரில் செம்பு அதிகம், கிணற்றை மூட வேண்டும் என்று தகவல் வந்தது. அடுத்த கிணறு ஒரு மைல் தள்ளி. மனசு கேட்காமல் பஸ் ஏறி தருமபுரி சோதனைச்சாலைக்கே போனேன்.

"பாட்டிலை எப்படி நிரப்புனீங்க ஆத்தா?" என்றார் அங்கிருந்தவர்.

"பெரிய ஆபீசுக்குப் போற தண்ணியாச்சேங்க! பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேச்சு, ஒரு நாள் பூரா அதுல வெச்சிருந்துதான் ஊத்துனேன்."

அவர் சிரித்துவிட்டார். "பித்தளையில இருக்கற செம்புதான் தண்ணியில எறங்கியிருக்கு. அப்ப நாங்க சோதிச்சது உங்க சொம்பைத்தாங்க!"

மறுபடி, கிணற்றடியிலேயே நேராகப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தேன். நல்ல தண்ணீர் என்று எழுதி வந்தது. இன்றும் அதைத்தான் குடிக்கிறோம். சோதனைக்கு என்றால் சொம்பை நான் தொடுவதில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படிச்சுக் காட்டு கண்ணு. சொம்பைத் திட்டியிருந்தா மட்டும் அந்த வரியை அடிச்சுடு.