அமெரிக்க நெஞ்சுவலிக்கு மியூனிக்கில் வைத்தியம்

மொழிபெயர்ப்பாளனுக்கு இரண்டு மொழிகள் தெரிந்தால் போதும் என்றொரு மூடநம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. மனித குலத்தின் நலன் கருதி அதை மறுக்கவேண்டியிருக்கிறது. அடுத்தவரின் மூல நோயை டொக்டர் முன்னால் "எனக்கு" என்று சொல்லும் துணிவும் வேண்டும். நோயாளியோ டொக்டரோ, பேசுகிறவராகவே பேசுவது தொழில் விதி. இத்தொழிலில் வாடும் சகோதரர்களே, மியூனிக்கில் ஈழத்து நோயாளிகளுக்கு மொழிபெயர்த்த ஆண்டுகளில் நான் "நான்" என்று சொன்னதெல்லாம் வேறு யாரோ.

கர்ப்பப்பை

படித்த குற்றத்துக்காக நம்மவர்கள் என்னை மாஸ்டர் என்பார்கள். ஒருநாள், "எனக்குக் கர்ப்பப்பையில் வலி" என்று ஜெர்மனில் சொல்லி முடித்தேன். வலிக்குச் சொந்தக்காரியான மேரி அக்கா வெளியே வந்ததும் கேட்டார்: "நோவு எனக்கு. நீர் ஏன் மாஸ்டர் முகத்தைச் சுளிக்கிறீர்?"

துடிப்பில் குறையில்லை

யோசேப்பு அண்ணை மன்னார்க்காரர், உணவகமொன்றில் சமையல். "படியேற நெஞ்சடைக்குது, இடக்கை விறைக்குது" என்றார். நானும் ஜெர்மனில் விறைத்தேன். இதயத் துடிப்பைப் பதிந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. "கடைசியாக எப்போது வலித்தது?" என்று கேட்டார் டொக்டர் அம்மா. அண்ணை கைத்தொலைபேசியை எடுத்தார்.

"பொறுங்கோ, கேட்டுச் சொல்லுறன்."

ஒரு வசனம்

வலி அமெரிக்காவில் இருந்தது. அண்ணையின் தம்பி அருளுக்கு அங்கே பெட்ரோல் நிலையத்தில் வேலை. முதலாளி மருத்துவக் காப்புறுதி கொடுக்கவில்லை, சொந்தமாக எடுக்க வசதியில்லை. அவசரப் பிரிவு காசில்லாதவரையும் பார்த்தே ஆகவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பிறகு பில் அனுப்பக் கூடாது என்று அது சொல்லவில்லை. "அங்க போனா நெஞ்சு நோவு மாறும் மாஸ்டர். பில்லைக் கண்டா திரும்ப வரும்," என்றார் அண்ணை.

டொக்டர் கோபிக்கவில்லை. "உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். தொலைபேசியை வாங்கிச் சொன்னேன்.

"ஏலாது," என்றார் அருள். "அந்தக் கடனோட ஆர் சீவிக்கிறது?"

விதியை மீறினேன். "அருள், இது டொக்டர் இல்லை, நான். தனிய இருக்கிறன். எனக்கு நெஞ்சடைச்சா, தனக்கு அடைக்குதெண்டு பொய் சொல்லி டொக்டரிட்டப் போக ஒருத்தரும் இல்லை. உங்களுக்கு ஒராள் இருக்கிறார். போங்கோ."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னது ஒரு வசனம். தமிழில் அது இவ்வளவு நீளமா?"

அருள் அன்றே போனார். இப்போது ஞாயிறுதோறும் அமெரிக்காவிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, எனக்குப் படியேற மூச்சு வாங்குகிறதா என்று விசாரிக்கிறார்.