படத்தில் வராத அட்டை

ட்ராம் நிற்க இன்னும் ஒரு நிறுத்தம் இருக்கும்போதே ஃபெலி அக்கா எழுந்துவிடுவாள். மேல்தளத்தில் முன்வரிசை, ஜன்னலோரம், அரை மணி நேரமாகக் கால் நீட்டி வந்த இடம். அதை விட்டு எழ எங்களுக்கு மனசே வராது. "எழுந்திருங்கடி. இதுக்கு மேல போனா வண்டி திரும்பிடும், பாத்த கடையையே பாத்துக்கிட்டு வரணும்" என்பாள். குடை, பை, சோற்றுப் பெட்டி சகிதம் அந்தக் குறுகிய படியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து இறங்குவோம். ஹாங்காங்கில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் தொடங்கும்.

அவளோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர். வாரத்தில் ஆறு நாள் ஆளுக்கொரு வீட்டில் சமைத்துத் துடைத்து, யார் பெற்ற பிள்ளையையோ பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்கள். ஏழாவது நாள் ஃபெலி அக்காவின் குடிமக்கள். பிலிப்பைன்ஸில் அவள் இலோய்லோக்காரி. வயது நாற்பத்தாறு, உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. மஞ்சள் குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அவள் முன்னால் நடக்கும் தோரணையை நம்பி, ஒருமுறை இரண்டு ஜெர்மன்காரக் கிழவர்கள் பறவைச் சந்தை வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அக்கா அவர்களுக்கும் சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.

ஊர் சுற்றுவதில் காசு செலவானால் அது அவளுக்குத் தோல்வி. மலைச்சரிவில் ஓடும் நகரும் படிகள் காலையில் கீழே இறங்கும், பத்து மணிக்கு மேல்தான் மேலே ஏறும் என்பதால், மலைமேல் பார்க்க வேண்டியதையெல்லாம் மதியத்துக்கு ஒதுக்கிவிடுவாள். எந்த அருங்காட்சியகத்தில் சீட்டு கேட்க மாட்டார்கள், எந்த அங்காடியில் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும், எந்தக் கடைக்காரி ருசி பார்க்க பாதாம் பிஸ்கட்டை இரண்டாம் முறையும் நீட்டுவாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. படகில் எப்போதும் மலிவான கீழ்த்தட்டுதான். "மேல போறவனுக்கு மட்டும் வேற கடலா காட்டுறான்?" என்பாள்.

கட்டடங்களுக்கு வரலாறு சொல்வது அவளுடைய இன்னொரு வியாதி. "இது ஒரு கப்பல்காரன் மாமியாருக்குக் கட்டினது. அந்தம்மா ஒரு நாள்கூட தங்கல. லிஃப்டுன்னா பயம்."

"போன மாசம் இதையே ஒரு பல் டாக்டர் கட்டினார்னு சொன்னீங்களே அக்கா?" என்பாள் மெர்லி. முட்டிவலிக்காரி. நடக்கும்போது சந்தேகம் கேட்டால் கொஞ்சம் நிற்கலாம் என்பது அவள் கணக்கு.

"அவர்கிட்டேருந்துதான் கப்பல்காரன் வாங்கினான். நடடி."

இரண்டு மணி சுமாருக்கு ஊர்வலம் ஒரு பெரிய வங்கிக் கட்டடத்தின் அடியில் வந்து முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நிழல் முழுக்க எங்கள் ஊர்ப் பெண்கள்தான். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நடைபாதையில் விரித்து, சாப்பிட்டு, சீட்டாடி, ஒருத்தி தலையில் இன்னொருத்தி சாயம் பூசி, தூங்கி எழுந்து, சாயந்திரம் கலைந்துபோவோம். வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்கும்போது மட்டும் எழுந்து நீரூற்றுப் பக்கம் போய் நிற்க வேண்டும். "படத்துல அட்டை வரக்கூடாது" என்பது அக்கா போட்ட சட்டம். பதினோரு வருஷத்துப் படங்களில் அவள் ஓரிடத்திலும் உட்கார்ந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் போன மே மாதம் ஒரு சோதனை வந்தது. மகள் ஜொவெலின் படிப்பு முடித்து, முதல் வேலையில் சேர்ந்து, மலிவு விமானச் சீட்டு பிடித்து, அலுவலகத் தோழிகள் மூவரோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்துவிட்டாள். மூன்று நாள் பயணத்தில் அம்மாவுக்கு விடுமுறை உள்ள ஞாயிறு ஒன்றுதான் அம்மாவின் பங்கு.

அன்று காலை அக்கா எங்களைத் தனியே அழைத்து, "இன்னிக்கு அட்டை கிடையாது. பொண்ணுங்க முன்னாடி ஒருத்தியும் தரையில உக்காரக் கூடாது" என்றாள்.

"என் முட்டிக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் மெர்லி.

"முட்டியை நாளைக்கு மடக்கிக்கோ."

"எதுக்குக்கா இவ்வளவு?" என்று நான்தான் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமைன்னா நல்ல நல்ல இடத்துல உக்காந்து சாப்பிடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன். அம்மா ரோட்டுல உக்காந்துதான் என்னைப் படிக்க வச்சான்னு அவ நெனச்சிடக் கூடாதுடி." எனக்கும் ஊரில் ஒரு மகன் இருக்கிறான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை தொடங்கியது. ட்ராம், படகு, கோயில், சந்தை, மறுபடியும் படகு. அக்காவின் காலில் சக்கரம். பூங்காவில் ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு மெர்லி ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்துவிட்டது. வினிகரில் வேகவைத்த கோழியையும் சோற்றையும் துறைமுகக் கம்பியோரம் பத்துப் பேரும் நின்றபடியே தின்றோம். "நின்னுக்கிட்டு சாப்பிட்டாதான் இந்த ஊருல நாகரிகம்" என்று அக்கா வாய் கூசாமல் சொன்னாள். ஜொவெலினின் தோழி டிங் உயரக் குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "அத்தை, இன்னும் எத்தனை கட்டடம் இருக்கு?" என்று பாவமாகக் கேட்டாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. கொட்டின கொட்டில் கையிலிருந்த குடைகள் பத்துப் பேருக்குப் போதவில்லை. ஒதுங்க வேறு இடம் தேட அக்காவுக்கு நேரமும் கிடைக்கவில்லை. ஓடிப்போய் நின்றது அந்த வங்கிக் கட்டடத்தின் அடியிலேதான். அக்கா முன்பின் தெரியாத இடத்தைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "அட, எவ்வளவு கூட்டம்" என்றாள்.

"வாடி மகராசி!" என்று தூணோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சியோனி அக்கா. வாராவாரம் எங்களுக்குப் பக்கத்து அட்டைக்காரி. "காலையிலேருந்து ஆளைக் காணோமேன்னு பதறிப் போயிட்டோம். உன் எடத்துக்கு நாலு பேரு சண்டைக்கு வந்துட்டாளுங்க, விடலையே நான்! பாரு, உனக்குன்னே ஃப்ரிட்ஜ் வந்த அட்டை. நடுவுல ஒரு மடிப்புகூட கிடையாது."

நல்ல மனசுதான். அந்த நேரத்தில் அவள் வாயில் ஒரு கவளம் சோற்றை அடைத்திருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

"உங்க எடம்னு சொல்றாங்களேம்மா?" என்றாள் ஜொவெலின்.

"எப்பவாவது... கால் வலிச்சா..."

"எப்பவாவதா?" என்று சியோனி அக்கா சிரித்தாள். "பதினோரு வருஷமா இதே தூணு. தூணு தேஞ்சதே உங்கம்மா முதுகு பட்டுத்தான்!"

குட்டு உடைந்துவிட்டது. முதலில் விழுந்தவள் டிங். "மன்னிச்சிடுங்க அத்தை, இதுக்கு மேல முடியாது" என்று கையிலிருந்த செருப்பை ஓரமாகப் போட்டுவிட்டு அட்டையில் சரிந்தாள். அடுத்தது மெர்லி. அப்புறம் நாங்கள் எல்லோரும். துரோகம்தான், ஆனால் கால் கேட்கவில்லை. அம்மாவும் மகளும் மட்டும் நின்றார்கள். அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவளுக்காக வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஜொவெலின் தூணைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "எந்தப் படத்துல பாத்தாலும் நின்னுக்கிட்டே இருப்பீங்க" என்றாள். "இந்த ஊருல எங்கம்மாவை உக்காரவே விட மாட்டாங்களான்னு எத்தனை தடவை நெனச்சிருக்கேன் தெரியுமா?" சொல்லிவிட்டு அட்டைமேல் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"ஏய், ஏய்!" என்று ஃபெலி அக்கா போட்ட சத்தத்தில் நாலு அட்டை தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தவள்கூட எழுந்துவிட்டாள். "ஷூக் காலோடயா உள்ள வர்றே?"

மகள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். அக்கா குனிந்து நாடாவை அவிழ்த்தாள். இரண்டு ஷூவையும் கழற்றி, மழை ஈரத்தைத் தன் பாவாடையிலேயே துடைத்தாள். பிறகு ஓரத்தில் வரிசையாகக் கிடந்த எங்கள் செருப்புகளில் மெர்லியினுடையதைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அவற்றை ஜோடியாக வைத்தாள்.