மாமா சாகடித்த செடிகள்

என் மாமா கையில் எந்தச் செடியும் பிழைக்காது என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவரே அதை ஒப்புக்கொள்வார். அம்மா வளர்த்துக் கொடுத்த செடியை லோரியின் முன்சீட்டில் பத்திரமாக வைத்து எடுத்துப் போவார். அடுத்த தடவை வரும்போது வாசலிலேயே நின்று, "அக்கா, அதுவும் போயிருச்சு லா" என்பார். சொல்லும்போது முகத்தில் கவலை இருக்கும், குரலில் இருக்காது. அந்த வித்தியாசத்தை வீட்டில் கவனித்தவள் நான் ஒருத்திதான் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. கோலா தெர்லா, திரிங்காப் என்ற மலையூர்கள் பக்கம் போய் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிற காய்கறி லோரியை ஓட்டினார். போகிற வழியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து முனையில் லோரியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். அம்மா அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

எங்களுடையது லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. வீட்டுப் பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அங்கே காலையிலும் வெயில் வராது, மதியமும் வராது. துணி காயாது. மிளகாய்ச் செடி வைத்தால் குச்சியாக நீண்டு, வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து, காய்க்காமலே நிற்கும். மற்ற வீட்டுக்காரர்கள் அந்த மாதிரி இடத்தில் உடைந்த சைக்கிளையும் பழைய தகரத்தையும் போட்டு வைத்தார்கள். அம்மா பிகோனியா வளர்த்தாள்.

பூவுக்காக வளர்க்கிற பிகோனியா அல்ல, இலைக்காக வளர்க்கிறது. உள்ளங்கையைவிடப் பெரிய இலை. காம்புக்கு ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். நடுவில் கருஞ்சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளி பூசியதுபோல ஒரு வட்டம், ஓரத்தில் இருண்ட பச்சை. இன்னொரு வகையில் இலை நத்தை ஓடுபோலச் சுருண்டு போகும். எப்போதாவது வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு பூங்கொத்து எட்டிப் பார்த்தால், அந்தச் சத்தும் இலைக்கே போகட்டும் என்று அம்மா அதைக் கிள்ளி எறிந்துவிடுவாள்.

அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஊர்ல எல்லாரும் பூவுக்காகச் செடி வளப்பாங்க. உங்கம்மா பூவக் கிள்ளிப் போட்டுட்டு இலைய வளக்கிறா" என்பார்.

அம்மா நிமிராமலே பதில் சொல்வாள். "நீங்க மட்டும் என்னவாம்? ஃபேக்டரியில நாள் பூரா இலையத்தானே அள்ளுறீங்க?"

அம்மாவின் செடிகள் சாவதில்லை. ஓர் இலை ஒடிந்து விழுந்தால்கூட அதைச் சாகவிட மாட்டாள். இலையைக் குப்புறப் போட்டு, முதுகில் ஓடும் நரம்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கத்தியால் கீறுவாள். பிறகு நிமிர்த்தி, ஈர உமிக்கரியின்மேல் படிய வைத்து, அசையாதபடி ஈர்க்குச்சிகளைக் குத்திவிடுவாள். சில வாரங்களில், கீறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொட்டளவு குட்டிச்செடி முளைத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். அப்படிப்பட்ட அம்மா கொடுக்கிற செடியைத்தான் மாமா வரிசையாகச் சாகடித்துக்கொண்டிருந்தார். அம்மா கோபப்பட வேண்டும். படவில்லை. "அடுத்தத ஒழுங்கா ஜாகா பண்ணிப் பாத்துக்க" என்று இன்னும் நல்ல செடியாக எடுத்துக் கொடுத்தாள்.

இங்கே பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஓர் அக்கா உண்டு என்பதும், அவர் கோலா தெர்லாவில் இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை என்பதும் தெரியும். அம்மாவுக்கு முதலில் வேறோர் இடத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அந்தச் சமயத்தில் பெரியம்மா, ஒரு காய்கறித் தோட்டக்காரரைக் கட்டிக்கொள்ள வீட்டைவிட்டுப் போய்விட்டார். அக்கா ஓடிப்போன வீட்டில் பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு அப்பா கிடைத்தார். அப்பா நல்லவர், அம்மாவும் அவரோடு சந்தோஷமாகவே இருந்தாள். கணக்குப்படி பெரியம்மாவுக்கு நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

நான் பள்ளியில் நான்காம் ஆண்டு முடித்த விடுமுறையில், மாமா என்னை லோரியில் கூட்டிக்கொண்டு போனார். கோலா தெர்லாவில் ஆட்கள் கோஸ் ஏற்றத் தொடங்கியதும், அம்மா அன்று கொடுத்த செடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா, ஒரு இடத்துக்குப் போய்ட்டு வந்துரலாம்" என்றார். பிளாஸ்டிக் கூரை போட்ட பாத்திகளுக்கு நடுவே நடந்தோம். தகரக் கூரை வீடு ஒன்றிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். யாரும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. அம்மாவின் முகமேதான், கொஞ்சம் அகலமாக.

வீட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கறுப்பு வலை கட்டி, நிழல் பண்ணியிருந்தார்கள். அதன் கீழே மாமா சாகடித்த செடிகள் அத்தனையும் உயிரோடு இருந்தன. வெள்ளி வட்டம் போட்டவை, நத்தைபோலச் சுருண்டவை, எல்லாம். ஒன்று எங்கள் வீட்டுப் பெயின்ட் வாளியிலேயே இருந்தது. எங்கள் கதவுக்கு அப்பா அடித்த நீலம் அதன் விளிம்பில் ஒட்டியிருந்தது.

"மாமா! இது செத்துப்போச்சுன்னு அம்மாகிட்ட சொன்னீங்களே!" என்று கத்தினேன்.

மாமா வானத்தைப் பார்த்தார். பெரியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன்டா, என்னையக் கொலைகாரியா ஆக்கி வச்சிருக்கியா?"

"உன்னைய இல்ல பெரியக்கா. என்னையத்தான்."

பெரியம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அம்மாவுக்கு மழைக்காலத்தில் இருமல் வருமே, இப்போதும் வருகிறதா என்று கேட்டார். பிறகு ஓர் இலையைத் திருப்பி மாமாவிடம் காட்டினார். "பாரு, பவுடர் பூசுன மாதிரி வெள்ளையா வருது. என்ன பண்றதுன்னு கேட்டுட்டு வா."

திரும்பும் வழியில் மாமா எனக்கு அவித்த சோளம் வாங்கித் தந்தார். "அம்மாகிட்ட மூச்சு விடாத. சொன்னா எல்லாம் இதோட நின்னுரும்" என்றார். நான் சத்தியம் செய்தேன். உலகத்திலேயே பெரிய ரகசியம் என் வயிற்றில் சோளத்தோடு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா தேநீரை ஊதிக்கொண்டே, "அக்கா, இலை மேல வெள்ளையா மாவு மாதிரி வருதே, ஏன் லா?" என்றார்.

"இலை மேல தண்ணி ஊத்துனா அப்படித்தான் வரும். தூர்ல ஊத்தச் சொல்லு. வாளியெல்லாம் நெருக்கி வைக்க வேணாம், காத்து பூந்து போகணும். வெள்ள புடிச்ச இலையக் கிள்ளித் தூரப் போடச் சொல்லு."

செத்துப்போன செடியில் மாவு எப்படி வரும் என்று அம்மா கேட்கவில்லை. யாரிடம் சொல்ல வேண்டும் என்று மாமாவும் கேட்கவில்லை. பாவம், அம்மா இவ்வளவு ஏமாளியாக இருக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது.

அந்த மழைக்காலம் விடாமல் பெய்தது. ஒரு பிற்பகல், லோரியிலிருந்து மண்ணைக் கொட்டுகிற மாதிரி பின்பக்கம் சத்தம் கேட்டது. வீட்டின் பின்னே இருந்த சரிவு பெயர்ந்து சந்துக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளையாக அப்போது பின்னால் யாரும் இல்லை. சுவரும் தாங்கியது. மண் ஜன்னல்வரை ஏறியிருந்தது. எல்லோரையும் தோட்டத்து மண்டபத்தில் தங்க வைத்தார்கள். மழை நின்று, மண்ணை வெட்டி எடுத்தபோது அப்பா ஒவ்வொரு தொட்டியாகத் தேடினார். பிகோனியாத் தண்டு தண்ணீர்தான், மிதித்தாலே கூழாகிவிடும். அத்தனை மண்ணுக்குக் கீழே என்ன மிஞ்சும்?

"வீடு நிக்குதுல்ல. போதும்" என்றாள் அம்மா. சமைத்தாள், வேலைக்குப் போனாள், அப்பாவோடு சிரிக்கவும் செய்தாள். ஆனால் பின்கதவைத் திறக்கவில்லை. வேலை முடிந்து வந்து செடிகளோடு இருக்கிற அந்த நேரத்தில், அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. பயமாக இருந்தது.

சத்தியத்தை மீறுவது என்று முடிவு செய்தேன். பெரிய சண்டை வரும், மாமாவை வீட்டுக்குள் விட மாட்டார்கள், பரவாயில்லை. அம்மா நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் செடி எதுவும் சாகல. மாமா சொன்னது எல்லாம் பொய். கோலா தெர்லாவுல பெரியம்மா வீட்டுல இருக்கு."

கிள்ளுகிற விரல் நிற்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"உங்க மாமனுக்கு ஒரு கத்தாழைகூட வளக்கத் தெரியாது. அவனா வந்து இலையில மாவு பூக்குதுன்னு கேப்பான்?" இன்னொரு நெத்திலியை எடுத்து, தட்டைப் பார்த்தபடியே, "நல்லா இருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா. நீல வாளியில இருக்கிறது இவ்வளவு பெருசு!"

"செடியக் கேக்கல."

நான் யோசித்தேன். "நல்லாத்தான் இருக்காங்க. உன்ன மாதிரியேதான், ஆனா குண்டு. உனக்கு இருமல் வருதான்னு கேட்டாங்க."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், ஒரு தடவை கழுவினால் போதுகிற நெத்திலியை நெடுநேரம் கழுவினாள்.

அடுத்த முறை மாமா வந்தபோது உள்ளே வராமல், அம்மா கொடுத்த தேநீரோடு நிலைப்படியிலேயே நெளிந்தார். "அக்கா... ஒரு செடி மட்டும் சாகாமக் கெடக்கு. கொண்டாரவா?"

"நீ கொண்டாந்தா வழியிலயே ஒடிச்சிருவ. நானே வந்து எடுத்துக்கிறேன்."

மாமா வாயில் இருந்த தேநீரை விழுங்க மறந்தார். அம்மா தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சேற்றில் நின்று செடி எடுக்கப் போகிறவளுக்கு அந்தச் சேலை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. திரிங்காப்வரை மாமா ரேடியோவைக்கூடப் போடவில்லை.

பெரியம்மா வாசலில் நின்றார். நான் தயாராக இருந்தேன். டிவி நாடகங்களில் இந்த மாதிரி இடத்தில் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்: ஓடி வர வேண்டும், கட்டிப் பிடிக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், குறைந்தபட்சம் ஒருவராவது மயங்கி விழ வேண்டும். அம்மா நேராக வலைக்குக் கீழே போனாள். ஓர் இலையைத் தூக்கி அடியில் பார்த்தாள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"தண்ணி அதிகம்."

"மழக்காலம். வானத்துக்கா நான் மூடி போட முடியும்?"

"வாளிக்கு அடியில ஓட்ட போட முடியும்ல?"

"நீ சொல்லி விட்டதுல பாதியத்தான் இவன் வந்து சொல்றான்."

"நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சொல்லியிருப்பியா?"

அம்மா நத்தைச் சுருள் செடியில் நல்ல இலையாக ஒன்றைத் தேடிப் பிடித்தாள். "அக்கா, கத்தி இருக்கா?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் பெரியப்பா நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே ஓடிப்போய்க் கத்தியைக் கொண்டுவந்து, பிடியை அம்மா பக்கம் நீட்டினார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. கத்தியைக் கண்டு பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"குடுங்க அத்தான்" என்று அம்மா வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பலகையில் நெருக்கி உட்கார்ந்து, ஓர் இலையின் முதுகில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். நரம்பை எங்கே கீறுவது என்பதில் வாக்குவாதம். உமிக்கரி இன்னும் ஈரமாக இருக்க வேண்டுமா என்பதில் வாக்குவாதம். பூவைக் கிள்ளுவது பாவம் என்றார் பெரியம்மா. அப்படியானால் இலை சிறுத்துப் போகட்டும் என்றாள் அம்மா. லோரியில் கோஸ் ஏற்றி முடித்து மாமா ஹாரன் அடித்தார். இருவரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அடித்தார். "இருடா!" என்று இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டது.

எங்கள் பின்சந்தில் பிறகு கல்லடுக்கிச் சுவர் கட்டினார்கள். கோலா தெர்லாவிலிருந்து வந்த குட்டிச்செடிகள் இப்போதும் அதன் நிழலில் இருக்கின்றன. பெரியம்மா வந்தால் முதல் வேலையாக அங்கே போய்க் குறை சொல்வார்.

செடி எடுக்கப் போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "என்ன பேசிக்கிட்டாங்க?"

"செடியப் பத்தி."

"வேற?"

"வேற ஒண்ணுமே இல்லப்பா. யாரும் அழல, யாரும் மன்னிப்புக் கேக்கல. கடைசி வரைக்கும் சண்டதான். தண்ணி ஊத்துறதுக்கு ஒரு சண்ட, கத்தி புடிக்கிறதுக்கு ஒரு சண்ட."

"நல்லா சண்ட போட்டாங்களா?"

"ரொம்ப!"

அப்பா முகம் மலர்ந்துபோயிற்று. என் தலையைத் தடவிவிட்டு, "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டே அம்மாவுக்குத் தேநீர் கலக்கப் போனார். சண்டைக்கும் சமாதானத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரை அம்மாவுக்குக் கட்டி வைத்திருக்கிறார்களே என்று, அன்று நான் மனதார வருத்தப்பட்டேன்.