கடற்கரையில் பெரட்டு

கங்காணியின் விசில் கேட்டதும் சந்தனசாமி நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே கடலிலிருந்து ஓடினான். அவன் மனைவி சூசையம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்: “அங்க போவாதீங்க! காட்டுப்பக்கம் ஓடுங்க!”

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், சக்கரவர்த்தியின் பிறந்தநாள் விடுமுறை. ரெங்கம் ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளர்களைக் கரி எரித்து ஓடும் பஸ்ஸில் பொந்தியானுக்குக் கடல் பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். வழியில் அவள், “சயாமுல ரயில் பாதை போடுற வேலைக்கு ஆம்பளைங்களைப் பிடிக்கிறாங்களாம்” என்றபோது அவன் சிரித்தான்.

“பிடிக்கிறவன் பஸ்ல வெச்சு ஊர் சுத்திக் காட்டுவானாடி?”

பதினெட்டு வருஷமாக அவன் விடியற்காலை விசிலுக்கு ஓடிவந்து, பெரட்டு என்ற ஆள்கணக்கு வரிசையில் நின்று பேர் கொடுத்தவன். மற்ற ஆண்களும் அப்படித்தான். யாரும் சொல்லாமலே மணலில் வரிசை கட்டினார்கள். கங்காணி பேர் வாசித்தார். பேர் கொடுத்தவர்களைச் சிப்பாய்கள் லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போதுதான் சந்தனசாமி அவளைத் திரும்பிப் பார்த்தான். பஸ் பெண்களோடு திரும்பியது.

மறுநாள் விடியுமுன் விசில் ஊதியது. சூசையம்மாள் பெரட்டில் நின்றாள். அவன் பால் வெட்டிவந்த மர நிரையையும் அவளுக்கே கொடுத்தார்கள். இரண்டு நிரையையும் வெட்டி முடித்து, பாலை ஸ்டோருக்குச் சுமந்து போனாள்.