பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

மனிதர்களின் போனைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு மனிதர்கள் மேல் மரியாதை மிஞ்சாது. எனக்கு மிஞ்சவில்லை. நான் திறப்பவள்கூட இல்லை, திறப்பவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். பெயர் ரத்னா. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையின் முன்பக்கம் ஒரு மேஜை போட்டு போனும் லேப்டாப்பும் ரிப்பேர் பார்ப்பவள் அன்புக்கரசி. நான் எழுத வந்தது அவளைப் பற்றித்தான்.

அவளுக்கு வயது முப்பத்துநாலு. பிறந்து வளர்ந்தது அடையாற்றங்கரையில் ஒரு குடிசைப் பகுதி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு தி.நகரில் ஒரு சர்வீஸ் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். கடைக்கு வருகிற சிக்கலான வேலை எல்லாம் அவள் கைக்குத்தான் போகும். ஆனால் அவளை ஒருநாளும் முன்னால் வந்து நிற்க விட்டதில்லை. "கஸ்டமர் முன்னாடி உன் பேச்சு சரிப்படாது" என்று பின்னறையிலேயே வைத்திருந்தார்கள். வேலைக்கு அவள் கை வேண்டும், வாய் மட்டும் ஆகாது.

பிறகு ஆற்றங்கரையைக் காலி செய்து எல்லோரையும் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அரசுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். அனுப்புவதற்குச் சில நாள் முன்புதான் அவளை முதலில் பார்த்தேன். இரண்டு கட்டைப்பை நிறையக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். எண்பத்தாறு குடும்பங்களின் ரேஷன் கார்டு, ஆதார், கணக்கெடுப்பின்போது குடிசை வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து நம்பர் போட்டுக் கொடுத்த சீட்டு.

"அக்கா, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணணும். நம்ம சனங்க காயிதத்த மழையில வுட்டுடும், எலிக்குக் குடுத்துடும்" என்றாள்.

மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் என் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அவளே திறந்து சரி செய்தாள். அன்றைக்கே முன்பக்கத்து மேஜையை அவளுக்குக் கொடுத்தேன். ஏதோ பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம், ரிப்பேர்க்காரி கூடவே இருந்தால் எனக்கு நல்லது என்று கணக்குப் போட்டேன்.

அதற்கப்புறம் நான் பார்த்த அசிங்கங்களைச் சொல்லி மாளாது. சார்ஜர் சொருகும் ஓட்டையிலிருந்து அவள் பல்குச்சியால் தோண்டி எடுப்பவை பஞ்சு, பவுடர், விபூதி, ஏதோ பிசுக்கு. கீபோர்டைக் கழற்றினால் மிக்சர், தலைமுடி, கடித்துத் துப்பிய நகம். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துச் சொந்தக்காரரிடம் காட்டுவாள். பட்டுப்புடவைக்காரியும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "சீ, இது எங்க வீட்டுதே இல்ல" என்பாள்.

பக்கத்துத் தெரு ஜெயலக்ஷ்மி மாமி லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து, ராத்திரி பகல் சார்ஜரிலேயே போட்டிருப்பாள்.

"ஆத்துல எப்பவும் சொருகிண்டேதான் இருக்கும்டீ. எடுத்தா உடனே தீர்ந்துடறதே!"

"மாமி, பேட்டரியும் வயிறு மாதிரிதான். எந்நேரமும் ரொப்பிக்கினே இருந்தா ஊதிப்பூடும். இருபதுக்குக் கீழ எறங்க வுடாதீங்க, எண்பது வந்தா கழட்டிடுங்க. மெத்தை மேல வேணாம், சூடு அதுக்கு ஆவாது."

மாமி தலையைத் தலையை ஆட்டுவாள். ஆறு மாதத்தில் அதே லேப்டாப் அடிவயிறு புடைத்துக்கொண்டு வந்து நிற்கும். "நீ ஒண்ணுமே சொல்லலையே" என்று மாமி சாதிப்பாள்.

சேமித்து வைக்கிற விஷயத்திலோ கேட்கவே வேண்டாம். கல்யாண போட்டோ, குழந்தையின் முதல் நடை, பத்திரம், எல்லாம் ஒரே ஒரு போனில். அந்தப் போன் கழிப்பறையில் விழும். இல்லாவிட்டால் தி.நகர் பிளாட்பாரத்தில் கொட்டிக் கிடக்கும் பென்டிரைவில் ஒன்றை வாங்கி, மேலே எழுதியிருக்கிற அளவை நம்பி, இருப்பதை எல்லாம் அதில் திணிப்பார்கள். அதில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போயிருக்காது. அன்புக்கரசி சொல்லிச் சொல்லி அலுத்த வாசகம் எனக்கு மனப்பாடம்.

"சார், பென்டிரைவ்ன்றது பஸ் மாதிரி. ஏறி எறங்கத்தான். அதுல குடித்தனம் பண்ணக்கூடாது. ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு வைங்க, உள்ள தட்டு சுத்தும், அதனால கீழ போடாதீங்க. எஸ்எஸ்டின்னு இன்னொரு டிஸ்க் கீது, அது வேகம், சுத்தற வேலை இல்ல, ஆனா வருசக்கணக்கா கரன்ட் காட்டாம பொட்டியில போட்டா மறந்துடும். ஒரே எடத்துல வெச்சது வெச்ச மாதிரியே இல்ல."

அவள் சொன்னபடியே செய்தும் வந்தாள். எண்பத்தாறு குடும்பத்துக் காகிதமும் அவளுடைய லேப்டாப்பில் ஒரு பிரதி. இன்னொன்று ஒரு பழைய டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிச் சோதித்து எடுத்த ஹார்டு டிஸ்கில், வேறு இடத்தில் இருக்கட்டும் என்று என் கடை அலமாரியில். இன்டர்நெட்டில் போட்டு வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "சனங்க ஆதார் எல்லாம் கீதுக்கா. வேற யார் கையிலயும் தரமாட்டேன்னு சொல்லித்தான் வாங்கினேன்" என்றாள். டிஸ்க்கை என்னிடம் கொடுக்கும்போது மேல்பக்கம் இருந்த ஊசித் துளையைத் தொட்டுக் காட்டினாள்.

"இது அதோட மூக்குக்கா. இத மட்டும் மூடிடாத."

காகிதம் விற்றுப் பிழைக்கிறவள் நான். அத்தனையையும் ஒரு பிரின்ட் எடுத்துக் கட்டி வை என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். என் கம்ப்யூட்டரில் இருந்த ஸ்கேன்களையும் இடம் போதவில்லை என்று மறு வாரமே அழித்திருந்தேன்.

எண்பத்தாறில் ஒரு பெயர் மட்டும் வீடு ஒதுக்கிய பட்டியலில் விட்டுப்போயிருந்தது. அன்புக்கரசியின் அக்கா சொர்ணம். புருஷன் இல்லை, மந்தைவெளியில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தங்கைக்குக் கிடைத்த ஒற்றை அறை வீட்டில் ஆறு பேரோடு ஏழாவதாகப் படுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணக்கெடுப்புச் சீட்டை ஒரு அலுவலகத்தில், "ஒரிஜினலக் குடும்மா, பாத்துட்டுத் தர்றோம்" என்று வாங்கினார்கள். பிறகு போய்க் கேட்டால் அப்படி ஒரு சீட்டு வரவே இல்லை என்றார்கள். ஆகக் குடிசை வாசலில் சொர்ணம் நின்ற அந்தப் படமும் நம்பரும் இருந்தது இரண்டே இடத்தில்தான். அன்புக்கரசி மனு எழுதிப் போட்டிருந்தாள், விசாரணையில் அதைக் காட்டினால் வீடு உண்டு.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. அன்புக்கரசிக்கு அன்று லீவு. எப்போதும் கிளம்பும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். "மிஷினுக்குப் பொட்டு வேணாங்கா, மேஜைக்கு வை, சாமி கோச்சுக்காது." மற்ற வருஷங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் எதிரே பிளவுஸ் தைக்கும் சந்திரிகா அதற்கு முந்தின வருஷம், "ரத்னா கடையில பாதி சாமானுக்குப் பொட்டே இல்ல, பூஜையா பண்றா" என்று சந்து முழுக்கச் சொல்லியிருந்தாள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் ஒன்றுவிடாமல் இறக்கினேன். ஜெராக்ஸ் மிஷின், கத்தரி, ஸ்டேப்ளர், கால்குலேட்டர். ஈரத்துணியால் துடைத்தேன், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்தேன். அலமாரியிலிருந்த ஹார்டு டிஸ்க்கையும் உறையிலிருந்து எடுத்து வரிசையில் வைத்தேன். பொட்டு வைக்க அதில் தோதான இடம் அந்தத் துளைதான். அவள் சொன்னது மறந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஒரு பொட்டுக்கு என்ன ஆகிவிடும் என்று வைத்தேன். சந்தனம் சொட்டியது. அதன் மேல் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஈரம் காய்வதற்குள் உறையில் போட்டு மேலே வைத்துவிட்டேன். சந்திரிகா வந்து பார்த்து, பொரி வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை சொர்ணத்துக்குக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை, இருக்கிற ஆதாரத்துடன் வரவும். அன்புக்கரசி அன்றே பிரின்ட் கேட்டாள். டோனர் தீர்ந்து பிரின்ட் மங்கலாக விழுந்தது. "நல்லதா மாத்திட்டு நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றேன். மறுநாளும் நான் டோனர் வாங்கவில்லை.

புதன்கிழமை ராகேஷ் என்று ஒருவன் வந்தான். தரமணியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் எல்லாம் தெரிந்த தோரணை. போனின் முதுகு பிளந்து பேட்டரி பிதுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ரப்பர் பேண்டு போட்டிருந்தான்! படித்தவன் செய்கிற காரியமா இது?

"கம் போட்டு ஒட்டிக் குடுத்துடுங்க, மீட்டிங் இருக்கு" என்றான்.

"சார், இது ஒட்ற கேஸ் இல்ல. ஊதிக்கினு கீது. அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க. ஆஃப் பண்ணி வெச்சிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து மணல் தட்டை எடுக்கக் குனிந்தாள். அந்த அரை நிமிஷம் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய ஸ்க்ரூ டிரைவரையே எடுத்துப் பேட்டரியை உள்ளே நெம்பினான். புஸ்ஸென்று புகை, உடனே புஸ்வாணம் மாதிரி நெருப்பு. கையை உதறினான். போன் போய் விழுந்தது அவளுடைய லேப்டாப் மேல். அவள் முதலில் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், பிறகுதான் மணலைக் கொட்டினாள். அதற்குள் லேப்டாப்பின் பேட்டரியும் பிடித்துக்கொண்டது. அணைந்தபோது அது உருகிய கட்டியாகக் கிடந்தது. கடை முழுக்க மூக்கை எரிக்கும் நாற்றம்.

"என் போட்டோஸ் எல்லாம் போச்சா?" அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். அவளுடைய புறங்கை கொப்பளித்திருந்ததை அவன் பார்க்கவே இல்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

அன்புக்கரசிதான் என்னைச் சமாதானப்படுத்தினாள். "வுடுக்கா. உன் அலமாரில ஒண்ணு கீதுல்ல, இன்னா பயம்?"

கையைத் தண்ணீரில் காட்டிவிட்டு ஹார்டு டிஸ்க்கை எடுத்து உறையைப் பிரித்தாள். துளையின் மேல் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் சிவப்பு.

"யாருக்கா வெச்சது?"

"நான்தான்."

அவள் பல்குச்சியால் சுரண்டினாள். ஊரார் அழுக்கை எடுப்பதுபோலவே என் சந்தனத்தையும் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். இந்தத் தடவை தாளில் இருந்த அசிங்கம் என்னுடையது. பிறகு டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் இணைத்தாள். கொட்டாங்கச்சியைத் தரையில் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. உடனே பிடுங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் அழிந்ததை மீட்டுத் தருகிறவர்களிடம் தூக்கிக்கொண்டு போனோம். திறந்து பார்த்தவர், ஈரம் உள்ளே இறங்கித் தட்டில் படிந்துவிட்டது, சுழன்றதும் கீறிவிட்டது, ஒரு படம்கூடத் தேறாது என்றார். கோயிலில் வைத்திருந்தீர்களா என்று வேறு கேட்டார்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். சொர்ணத்தின் சீட்டை நான் பார்த்தேன், என் மிஷினில்தான் ஸ்கேன் ஆனது என்று சாட்சி சொல்வதாகத் திட்டம். அதிகாரி நான் பேசி முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"பார்த்தேன்னு யாரு வேணா சொல்லலாம்மா. சீட்டு இருக்கா, நகலாவது இருக்கா? இல்லைன்னா அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

மனு தள்ளுபடி என்று எழுதி முத்திரை குத்தினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அன்புக்கரசி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. சொர்ணம் மட்டும் தன் பாட்டில் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, என் முழங்கையைப் பிடித்தாள்.

"நீ அழுவாதம்மா. நீ இன்னா வேணும்னேவா பண்ண? சாமிக்குத்தானே வெச்ச?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.