பெயிண்டரம்மாவின் குதிகால்

உயரம் என்றால் பெயிண்டரம்மாவுக்குத் துளி பயம் கிடையாது. கூச்சம்தான் உண்டு, அதுவும் காலில். யாராவது பாதத்தைத் தொட்டுவிட்டால் போதும், அறுபதை எட்டப்போகிற மனுஷி சின்னப் பிள்ளை மாதிரி நெளிந்துவிடுவாள். செருப்புக் கடைக்காரரைக்கூடக் கிட்டே சேர்க்க மாட்டாள். கண்ணளவில் வாங்கி வந்துவிடுவாள்.

போன மாதம் ஒரு வீட்டில் வேலை முடித்து இறங்கும்போது ஏணிப்படியைத் தவறவிட்டு, வாளியோடு தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அடி பலமில்லை. ஆனால் விஷயம் மகள் காதுக்கு எட்டிவிட்டது. வங்கியில் வேலை பார்க்கிற ஒரே மகள். அப்பா போன பிறகு அவளுக்கு அம்மாவை விட்டால் வேறு யாருமில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பல்லவிதான்: ஏணி வேண்டாம். கேட்டுக் கேட்டுப் பெயிண்டரம்மாவுக்குக் காது புளித்துப் போயிற்று.

"சமுதாயக் கூடத்துல எலும்பு பலம் பாக்கறாங்களாம்மா. குதிகால்ல ஸ்கேன். மோசமா வந்தா நீ ஏணியை விட்டுடணும்."

"நல்லா வந்தா?"

"அப்புறம் ஏணின்னு வாயே திறக்க மாட்டேன். சத்தியம்."

வாய்க்கு வாய் பேசினாளே தவிர, அங்கே போய் உட்கார்ந்ததும் பெயிண்டரம்மாவின் கண் வாசல் பக்கமே ஓடியது. ஏணி இல்லாத பிழைப்பை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஸ்கேன் எடுக்கிற பெண் அவள் காலை ஒரு பெட்டிக்குள் வைத்து, குதிகாலின் இரண்டு பக்கமும் சில்லென்று ஜெல் தடவினாள். "வலிக்காதுங்க. ஒரு நிமிஷம் காலை ஆட்டாம இருந்தா போதும்."

வந்தது வினை. இருபுறமிருந்தும் ரப்பர் மெத்தை மெல்ல நெருங்கிக் குதிகாலைத் தொட, பெயிண்டரம்மா கெக்கெக்கே என்று சிரித்துக் காலை உருவிவிட்டாள். மெஷின் கீச்சென்று கோபித்துக்கொண்டது. ஜெல்லைத் துடைத்தால் அதற்கொரு சிரிப்பு, மறுபடி தடவினால் இன்னொரு சிரிப்பு. மூன்றாவது தடவை மெத்தை தொடுவதற்கு முன்பே கால் துள்ளியது. வரிசையில் இருந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். ஒரு குண்டு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். "மானத்தை வாங்காதம்மா" என்று முழங்காலை அமுக்கிப் பிடித்த மகளும் சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மகளிடம் ஏணிக் கதையைக் கேட்டிருந்த ஸ்கேன்காரப் பெண் கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்: "ஏணி மேல நிக்கறப்பவும் கால் இப்படித்தான் ஆடுமா?"

சுருக்கென்றது பெயிண்டரம்மாவுக்கு. யாரைப் பார்த்து என்ன கேள்வி. கண்ணை மூடினாள். ஏணியின் உச்சியில் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். கையில் சின்ன பிரஷ், எதிரே சுவரும் கூரையும் சேருகிற ஓரம். இம்மி பிசகினாலும் நீலத்தில் வெள்ளை ஏறிவிடும். மூச்சைப் பிடித்தாள். கால் கல் மாதிரி நின்றது.

"முடிஞ்சிடுச்சுங்க. உங்க வயசுக்கு எலும்பு ரொம்ப நல்லா இருக்கு."

பெயிண்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளி எழுந்தவள் ஜெல் காலோடு வழுக்கப் பார்க்க, அந்தப் பெண் தாவிப் பிடித்தாள். "இந்த மெஷின் எலும்பைப் பத்தித்தாங்க சொல்லும். விழ மாட்டீங்கன்னு சொல்லாது." அதெல்லாம் யார் காதில் விழுகிறது? மகள் காதில் மட்டும் அது விழுந்தது.

அடுத்த விடுமுறை நாளில் அம்மா வேலை செய்கிற வீட்டுக்கு மகள் வந்து நின்றாள். நேரே போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பெயிண்டரம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறி ஓரம் போடத் தொடங்கினாள். கோடு கோணிக்கொண்டு போனது. இத்தனை வருஷத்தில் இல்லாத அதிசயமாக ஏணி நடுங்கியது. குனிந்து பார்த்தாள். மகள் கண்ணை இறுக மூடியிருந்தாள். ஏணியைப் பிடித்திருந்த இரண்டு கையும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"என்னடி?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

உண்மைதான், கொடுத்த சத்தியத்தை அவள் மீறவில்லை. பெயிண்டரம்மா பிரஷை வாளியில் போட்டாள். மெதுவாக இறங்கி வந்தாள்.

"அந்த நீளக் கம்பு ரோலரை எடு. கூரையை இனிமே கீழ நின்னே அடிக்கிறேன்."

மகள் ஒரு கண்ணைத் திறந்தாள். "நிஜமாவா?"

"ஓரத்துக்கு மட்டும் ஏறுவேன். அப்போ ஏணியை வேற ஆள் பிடிக்கட்டும். நீ பிடிச்சா நான் கண்டிப்பா விழுந்துடுவேன்."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஏணியை விட்டுக் கை வரவில்லை. பெயிண்டரம்மாதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.